நீர் பக்குவமாகும் முன் மீன் வாங்காதீர்கள்! – வீட்டு மீன் தொட்டியும் நம் மீதுள்ள அமானிதமும்





நம் இல்லங்களில் கண்ணாடி மீன் தொட்டி இன்று சாதாரணமாகிவிட்டது. பெருநாள் அன்பளிப்பாகவும், பிள்ளை தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றதற்குப் பரிசாகவும், புதுவீட்டுக் கூடத்திற்கு அழகாகவும் அதை வாங்குகிறோம். வாங்கும் முறையும் ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் ஒன்றே. அஸர் தொழுதுவிட்டுக் கடைக்குப் போகிறோம். தொட்டி, வண்ணக் கற்கள், மோட்டார், பாலித்தீன் பையில் பத்துப் பன்னிரண்டு மீன்கள் எல்லாம் ஒரே வண்டியில் வந்து சேர்கின்றன. குழாய் நீரை நிரப்புகிறோம். இஷாவுக்குள் மீன்கள் நீந்துகின்றன. பிள்ளைகள் கைதட்டுகின்றனர்.

ஒரு வாரம், பத்து நாள் கழிகிறது. ஒரு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. மறுநாள் அது மிதக்கிறது. அடுத்த நாள் இரண்டு. வாங்கி வந்தவர் தந்தை. செத்ததை வடிகட்டியால் அள்ளி எடுப்பவர் தாய். பிறகு எல்லோரும் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு: "அதன் ஆயுள் அவ்வளவுதான்."

அந்தச் சமாதானத்தை மறுக்கவே இக்கட்டுரை. ஆயுள் அல்லாஹ்வின் கையில் உள்ளது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு தவக்குல் வைக்கலாமா என்று கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதீயில் உள்ளது. நம் தொட்டியில் செத்த மீன்களில் மிகப் பலவற்றின் சாவுக்குக் காரணம் தெரிந்த ஒன்று, தவிர்க்கக்கூடிய ஒன்று. தெரிந்த காரணத்தைத் தவிர்க்காமல் விட்டுவிட்டு விதியின் மீது பழி போடுவது ஈமானின் அடையாளம் ஆகாது.

தெளிந்த நீரில் கலந்த நஞ்சு

மீன் தன் உடற்கழிவில் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே நீரில் விடுகிறது. தின்னாமல் எஞ்சும் உணவும் அழுகி அம்மோனியாவாகிறது. ஆற்றிலும் குளத்திலும் இது பெருநீரில் கரைந்து போகும். அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை உண்டு மாற்றிவிடும். வீட்டுத் தொட்டியில் இரண்டும் இல்லை. நீரும் குறைவு, புதுத் தொட்டியாதலால் அந்த நுண்ணுயிர்களும் இன்னும் குடியேறவில்லை. எனவே மீன் தான் விட்ட நஞ்சிலேயே மூச்சுவிட வேண்டியிருக்கிறது.

அல்லாஹ் இதற்கு வைத்திருக்கும் ஏற்பாடு வியப்புக்குரியது. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சே. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இது ஓரளவுக்குத் தீங்கற்றது. செடிகள் உறிஞ்சிக்கொள்ளும், அவ்வப்போது நீர் மாற்றினாலும் குறைந்துவிடும். இந்த வேலையைச் செய்வது நுண்ணுயிர்களே என்பதை அவற்றைத் தனியே பிரித்தெடுத்து 1890ஆம் ஆண்டளவில் நிறுவியவர் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி. இவை தொட்டியின் ஃபில்டரிலும் கற்களிலும் ஒட்டி வாழ்பவை. மிக மெதுவாகப் பெருகுபவை. போதிய அளவு பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். மீன் வளர்ப்போர் இதனைச் 'சைக்கிளிங்' என்று அழைக்கின்றனர். நாம் நீரைப் பக்குவப்படுத்துதல் என்று கூறலாம்.

பக்குவமாகாத நீரில் விடப்பட்ட மீனுக்கு என்ன நேர்கிறது? அம்மோனியா செவுளை அரிக்கிறது. செவுள் சிவந்து வீங்குகிறது. நைட்ரைட் இரத்தத்திற்குள் புகுந்து, உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபினை வேலை செய்யாத வடிவிற்கு மாற்றிவிடுகிறது. இரத்தமே பழுப்பு நிறமாகிறது. நீரில் காற்றுக் குமிழிகள் பொங்கிக்கொண்டிருக்கும். மீனோ மூச்சுக்குத் தவித்து மேலே வந்து நிற்கும். பிள்ளைகள் அதைக் கண்டு, "மீன் நம்மிடம் உணவு கேட்கிறது" என்று இன்னும் ஒரு சிட்டிகை போடுகின்றனர். அதுவும் அழுகி நஞ்சைக் கூட்டுகிறது.

புன்னைக்காயல் முதலான நம் கடற்கரை ஊர்களில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். அம்மோனியா நீரில் இரு வடிவங்களில் இருக்கும். ஒன்று கடும் நஞ்சு. மற்றது அவ்வளவு தீங்கற்றது. நீரின் காரத்தன்மையும் வெப்பமும் ஏற ஏற நஞ்சு வடிவின் பங்கு கூடும். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். அளவு 7 ஆக உள்ள நீரில் நஞ்சு வடிவம் மொத்தத்தில் 1 சதவீதத்திற்கும் குறைவு. அதே வெப்பத்தில் பி.எச். 8 ஆகிவிட்டால் ஏறத்தாழ 5 சதவீதம். வெப்பம் 30 டிகிரியானால் 7 சதவீதத்தையும் தாண்டும். நம் பகுதி நிலத்தடி நீர் பெரும்பாலும் கடினநீர். நம் வீட்டுக் கூடங்களின் வெப்பத்தைச் சொல்ல வேண்டியதில்லை. குளிர் நாட்டார் ஒருவர் காணொளியில் "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று கூறுவதை நம்பி இங்கே அதைச் செய்வது பிழை.

இங்கே ஃபிக்ஹ் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நிறமும் சுவையும் வாடையும் மாறாத நீர் தூயது என்று நாம் பாடம் நடத்துகிறோம். உளூவுக்கு அது சரியான அளவுகோல். ஆனால் அம்மோனியாவுக்கு நிறமில்லை. மீனைக் கொல்லும் அளவிலும் மனித மூக்குக்கு அது எட்டாமல் போகலாம். உளூவுக்குத் தகும் நீரெல்லாம் மீன் வாழத் தகும் நீராகிவிடாது. கண்ணாடி போல் தெளிந்திருக்கிறதே என்பது இங்கே சான்றாகாது. அதே ஃபிக்ஹில் இன்னொரு பாடமும் உண்டு. குல்லத்தைன் அளவை, அதாவது ஏறத்தாழ 200 லிட்டரை எட்டாத நீர், நஜீஸ் பட்டவுடனே கெட்டுவிடும். பெருநீர் அப்படியல்ல என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். அது மார்க்கத் தூய்மை பற்றிய சட்டமே; இருந்தாலும் சிறுநீர்ப்பரப்பு சிறு அழுக்கையும் தாங்காது என்ற உண்மை மீன் தொட்டிக்கும் பொருந்துகிறது. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி விளிம்பு வரை நிரம்பினாலும் 56 லிட்டர்தான். கண்ணாடிக் கிண்ணத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

'சோதனை மீன்' என்னும் கொடுமை

அறியாமல் செய்பவரைப் பற்றி இதுவரை சொன்னேன். அறிந்தே செய்யும் ஒரு வழக்கமும் உண்டு. புதுத் தொட்டியில் முதலில் விலை குறைந்த மீன்கள் சிலவற்றை விடுவது. அவை விடும் அம்மோனியாவைக் கொண்டு பாக்டீரியாவை வளர்ப்பது. அவை செத்தாலும் பிழைத்தாலும் நீர் பக்குவமானதும் விலை உயர்ந்த மீன்களைக் கொண்டுவருவது. "முதலில் நாலு மோலி விட்டுப் பாருங்கள், செத்தால் மாற்றித் தருகிறேன்" என்று கடைக்காரர் தாராளமாகச் சொல்வார். மோலியும் கப்பியும் தாங்கும் ஆற்றல் மிக்கவை என்பது அவரது வாதம்.

தாங்கும் என்றால் என்ன பொருள்? வலிக்காது என்று பொருளல்ல. சாவதற்கு அதிக நாள் ஆகும் என்று பொருள். பிழைத்துக்கொண்டாலும் அரிக்கப்பட்ட செவுளோடு வாழும். நோய் எளிதில் தொற்றும். மாற்றித் தருகிறேன் என்ற உறுதிமொழி வாங்குபவரின் பணத்தைக் காக்கும். செத்த மீனுக்கு அதனால் என்ன பயன்?

விற்பனையில் உள்ள நம் சகோதரர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறேன். சென்னை கொளத்தூர் போன்ற பெருஞ்சந்தைகளிலிருந்து நம் ஊர் வரை வண்ணமீன் வணிகம் பல குடும்பங்களுக்கு ஹலாலான வாழ்வாதாரமாக இருக்கிறது. அதைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஆனால் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதும், அதை மக்கள் காணும்படி மேலே வைக்காததற்காக அவ்வணிகரைக் கண்டித்ததும், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்ததும் முஸ்லிமில் பதிவாகியுள்ளன. புதுத் தொட்டியில் இன்றே மீன் விட்டால் அது சாகக்கூடும் என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் மீனை விற்பது, ஈரத்தை உள்ளே மறைத்த விற்பனைக்கு எவ்வளவு தூரம்? "தொட்டியை இன்று கொண்டுபோங்கள், மீனுக்கு ஒரு மாதம் கழித்து வாருங்கள்" என்று சொல்லும் கடைக்காரருக்கு இன்றைய விற்பனையில் சிறிது குறையலாம். பரக்கத் குறையாது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

உயிரினங்களை வீட்டில் வளர்ப்பது ஆகுமானதே. அபூ உமைர் என்ற சிறுவரிடம் ஒரு சிறு பறவை இருந்ததையும், அதைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அவரிடம் கனிவோடு விசாரித்ததையும் அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. சிறுவர்கள் பறவை வளர்க்கலாம் என்பதற்கு அறிஞர்கள் இதை ஆதாரமாகக் கொள்கின்றனர். ஆகவே மீன் தொட்டியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் அந்த அனுமதி நிபந்தனையோடு கூடியது. ஒரு பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடுக்காமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் தண்டிக்கப்பட்டதைப் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. அந்த ஹதீஸில் நாம் கவனிக்க வேண்டியது 'அடைத்தல்' என்பதை. அவள் பூனையை அடிக்கவில்லை, வெட்டவில்லை. அடைத்தாள், அடைத்த பின் அதற்குத் தேவையானதைத் தரவில்லை. வெளியே இருந்திருந்தால் அது தன் உணவைத் தானே தேடியிருக்கும். அடைத்த கணத்தில் அதன் முழுப் பொறுப்பும் அவள் தலையில் ஏறிவிட்டது.

மீனையும் இவ்வாறே எண்ணிப் பாருங்கள். ஆற்றில் நீர் கெட்டால் அது நல்ல நீரை நோக்கி நீந்திப் போகும். நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் அது எங்கே போகும்? பூனைக்கு உணவு எப்படியோ அப்படி மீனுக்கு நீர். மீனுக்கு வேளை தவறாமல் உணவு போட்டுவிட்டு நஞ்சான நீரில் வைத்திருப்பவர் தாம் கடமையை நிறைவேற்றியதாக எண்ணிக்கொள்ள முடியாது.

நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) தமது 'மின்ஹாஜ்' நூலில், கால்நடைகளுக்குத் தீனியும் தண்ணீரும் தருவது உரிமையாளர் மீது கடமை என்றும், அவர் மறுத்தால் ஒன்று பராமரிக்க, அல்லது விற்க, அல்லது உண்ணத்தக்கதாயின் அறுக்கக் கட்டாயப்படுத்தப்படுவார் என்றும் எழுதுகிறார். அதே மத்ஹபின் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்), ஹிஜ்ரி 660இல் மறைந்தவர், மனிதர் மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளைத் தம் 'கவாஇதுல் அஹ்காம்' நூலில் பட்டியலிடுகிறார். நோயுற்றாலும் முதுமையுற்றுப் பயன் தராமல் போனாலும் அதற்குச் செலவிட வேண்டும். தாங்க முடியாததைச் சுமத்தக் கூடாது. அதற்குத் தீங்கு செய்பவற்றோடு சேர்த்து அடைக்கக் கூடாது என்பன அவற்றுள் சில. எழுநூறு ஆண்டுகளுக்கும் முன்பே எழுதப்பட்டது இது. நாட்டின் சட்டமும் இதற்கு அயலானதன்று. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் மனிதன் அல்லாத எந்த உயிரினத்தையும் 'விலங்கு' என்ற சொல்லுக்குள் கொண்டுவருகிறது. மீனும் அதில் அடக்கம்.

மூன்று எதிர்வாதங்கள்

"மீன் உண்பதற்கு ஹலால். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் அன்றாடம் வலை நிறைய மீன் சாகிறது. நாலு கப்பிக்கு இவ்வளவு பேச்சா?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. கடலின் வேட்டையையும் அதன் உணவையும் நமக்கு ஹலாலாக்கியதாக அல்லாஹ் அல்மாயிதா அத்தியாயத்தில் அறிவிக்கிறான். பரதவச் சகோதரர் வலை வீசுவது மக்களின் உணவுக்காக. அந்த அனுமதி, நாம் பார்த்து மகிழ்வதற்காக ஓர் உயிரை வாரக்கணக்கில் நஞ்சில் ஊறப்போடும் அனுமதியாக ஒருபோதும் விரியாது. ஆடும் ஹலால்தான், அதை அறுக்கும்போதுகூடக் கத்தியைத் தீட்டி அதன் வேதனையைக் குறைக்க வேண்டும் என்றும், எல்லாவற்றிலும் இஹ்ஸானை அல்லாஹ் விதித்திருக்கிறான் என்றும் ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. உயிருள்ளதை அம்பெய்து பழகும் இலக்காக்குவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். உணவுக்காக அறுப்பதற்கும் பொழுதுபோக்குக்காக வதைப்பதற்கும் இடையே மார்க்கம் தெளிவான கோடு போட்டிருக்கிறது.

"மீனுக்கு வலி தெரியாது" என்பது இரண்டாவது வாதம். 2003ஆம் ஆண்டு பிரிட்டனில் லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் டிரவுட் மீனின் தலைப்பகுதியில் வலியூட்டும் தூண்டல்களை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினர். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் உதட்டைச் சரளைக் கற்களில் தேய்த்தன. நெடுநேரம் உணவை நாடவில்லை. மீன் வலியை எவ்வாறு உணர்கிறது என்ற விவாதம் அறிஞரிடையே தொடரலாம். நமக்கோ ஈரமுள்ள ஒவ்வோர் உயிரிடத்தும் காட்டும் பரிவுக்கு நற்கூலி உண்டு என்ற நபிமொழி போதும். அது மீனை விலக்கவில்லை.

"மனிதர்களே துன்பப்படும்போது மீனுக்கு இரக்கமா?" என்பது மூன்றாவது. மனிதர் துன்பத்தைத் துடைக்கத் தொட்டியை விட்டுவிட்டு யாராவது புறப்பட்டால் அவருக்கு துஆ செய்வேன். ஆனால் இக்கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் இரண்டையும் செய்வதில்லை. தன் பட்டினியையும் கடும் வேலையையும் பற்றி முறையிட்ட ஒட்டகத்திற்காக அதன் உரிமையாளரைக் கண்டித்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். அபூதாவூதில் அச்செய்தி உள்ளது. உம்மத்தின் பெரும் பாரத்தைச் சுமந்தவர்களுக்கே ஓர் ஒட்டகத்திற்கு ஒதுக்க நேரம் இருந்தது.

செய்ய வேண்டியது என்ன?

நீரை மீனில்லாமலே பக்குவப்படுத்த முடியும். அது கடினமும் அன்று. தேவைப்படுவது பொறுமை மட்டுமே.

தொட்டியில் நீர் நிரப்பி, குளோரினை அகற்றுங்கள். நகராட்சிக் குழாய் நீரில் கிருமிநாசினியாகக் கலக்கும் குளோரின் மீனின் செவுளையும் கெடுக்கும், நாம் வளர்க்க விரும்பும் பாக்டீரியாவையும் கொல்லும். கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் துளியை ஊற்றலாம். அல்லது நீரைத் திறந்த பாத்திரத்தில் காற்றுக்குழாய் ஓடவிட்டு ஒரு நாள் வைக்கலாம். ஃபில்டரை இரவும் பகலும் ஓடவிடுங்கள். நாள்தோறும் மீன் உணவில் ஒரு சிட்டிகை போட்டு வாருங்கள். அது அழுகி அம்மோனியா தரும். நலமான பழைய தொட்டி வைத்திருக்கும் உறவினரிடம் அவருடைய ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் வையுங்கள். அதிலுள்ள பாக்டீரியா காத்திருப்பைக் குறைக்கும்.

அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் அளக்கும் சோதனைத் துளிகள் கிடைக்கின்றன. வண்ணக் கற்களும் பிளாஸ்டிக் செடியும் வாங்கும்போது இதையும் வாங்குங்கள். முதலில் அம்மோனியா ஏறும். பிறகு அது இறங்கி நைட்ரைட் ஏறும். அதன்பின் நைட்ரைட்டும் இறங்கி நைட்ரேட் தென்படும். உணவு போட்டு வரும்போதே அம்மோனியாவும் நைட்ரைட்டும் சில நாள் தொடர்ந்து 0 காட்டினால் நீர் பக்குவமாகிவிட்டது. பாதி நீரை மாற்றிவிட்டு இரண்டு மூன்று மீன்களை மட்டும் விடுங்கள். மற்றவற்றைச் சில வாரங்கள் கழித்துச் சிறிது சிறிதாகச் சேருங்கள்.

ஏற்கெனவே மீன் விட்டுவிட்டவர்களுக்கு

அறியாமல் விட்டவர் மனம் தளர வேண்டாம். அறிந்த பின் செய்வதே இனி கணக்கு. மீனை உள்ளே வைத்தே நீரைப் பக்குவப்படுத்தலாம். ஆனால் அந்த மாதம் முழுவதும் உங்கள் உழைப்பு தேவைப்படும்.

புதிதாக ஒரு மீனும் சேர்க்காதீர்கள். கூட்டம் அதிகமென்றால் பழைய தொட்டி வைத்திருப்பவரிடம் சிலவற்றைக் கொடுத்துவிடுங்கள். உணவை ஒரு நாளைக்கு ஒருமுறை, ஒரு நிமிடத்தில் தின்று தீரும் அளவுக்குக் குறையுங்கள். நாள்தோறும் நீரைச் சோதியுங்கள். அம்மோனியாவோ நைட்ரைட்டோ லிட்டருக்கு 0.25 மில்லிகிராமைத் தாண்டினால் அன்றே மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை நீரை மாற்றுங்கள். சோதனைத் துளி கிடைக்கும் வரை நாள்தோறும் மாற்றுங்கள். புதுநீர் குளோரின் நீங்கியதாக, தொட்டி நீரின் வெப்பத்தை ஒத்ததாக இருக்கட்டும்.

நைட்ரைட் ஏறிய நாட்களில் லிட்டருக்கு 1 கிராம் அளவில் கல் உப்பைக் கரைத்துச் சேர்ப்பது உதவும். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே புகுவதைத் தடுக்கும். அம்மோனியாவுக்கு உப்பு மருந்தாகாது. அதற்கு நீர் மாற்றுவதே வழி.

ஃபில்டர் பஞ்சைக் குழாய் நீரில் கசக்கிக் கழுவும் வழக்கம் நம் வீடுகளில் பரவலாக உள்ளது. வாரக்கணக்கில் வளர்ந்த பாக்டீரியா ஒரு நிமிடத்தில் போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெல்ல அலசுங்கள். இரவில் மின்கட்டணம் கருதி மோட்டாரை நிறுத்தாதீர்கள்; அந்த பாக்டீரியாவுக்கும் மூச்சுண்டு.

இவ்வளவும் இயலாது என்பவர், மீனைத் திறமையாக வளர்ப்பவரிடம் கொடுத்துவிடட்டும். ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிடுவதை இரக்கமாக எண்ண வேண்டாம். 'டேங்க் கிளீனர்' என்று கடைகளில் விற்கும் கெளுத்தி மீன்கள் இவ்வாறு விடப்பட்டு நம் நாட்டு நீர்நிலைகளில் பெருகி நாட்டு மீன்களுக்கு இடையூறாகியுள்ளன. ஒரு மீனுக்குக் காட்டும் இரக்கம் ஆற்று மீன்களுக்கும் ஆற்றை நம்பி வாழ்பவருக்கும் கேடாகிவிடக் கூடாது.

பிள்ளைகள் கற்பது என்ன?

பெற்றோர்களே, இதில் எனக்குள்ள பெரிய கவலையை இறுதியாகச் சொல்கிறேன். பிள்ளை உறங்கும்போதே செத்த மீனை எடுத்துவிட்டு, அதே நிறத்தில் இன்னொன்றை வாங்கி விடும் பெற்றோர் உள்ளனர். பிள்ளையின் மனம் நோகக் கூடாதே என்ற பாசத்தால் செய்கின்றனர். பிள்ளை ஒருநாள் கண்டுபிடித்துவிடும். அப்போது அது கற்கும் பாடம் என்ன? உயிர் என்பது கடையில் மாற்றிக்கொள்ளும் பொருள், அது ஏன் செத்தது என்று கேட்க வேண்டியதில்லை, வேறொன்று வரும். மதரஸாவில் பூனையின் ஹதீஸை நாங்கள் மனப்பாடம் செய்விக்கிறோம். வீட்டுக் கூடத்தில் அதற்கு நேர்மாறான பாடம் கண்ணாடிக்குள் நடக்கிறது. எந்தப் பாடம் நெஞ்சில் நிற்கும்?

வெறுந்தொட்டியை ஒரு மாதம் வைத்திருங்கள். சோதனைக் குழாயில் நிறம் மாறுவதைப் பிள்ளையையே பார்த்து ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். "எப்போது மீன் வரும்?" என்று தினமும் கேட்கும். "அது வாழ வீடு தயாரானதும்" என்று சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத படைப்பு ஒன்று இன்னொரு படைப்புக்காக வேலை செய்துகொண்டிருப்பதை அந்த வயதிலேயே அது அறியும். இதைவிடச் சிறந்த தவ்ஹீத் பாடம் எந்தக் கரும்பலகையில் கிடைக்கும்?

காத்திருப்பது நம் கரைக்குப் புதிதன்று. மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் நடந்த காலத்தில் பரதவரும் முஸ்லிம்களும் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுத்தனர். நினைத்த அன்றே யாரும் மூழ்கிவிட முடியாது. அதிகாரிகள் முத்துப் பார்களைப் பார்வையிட்டு, மாதிரிக்குச் சிப்பி எடுத்துத் திறந்து பார்த்து, முற்றியிருந்தால்தான் சலாபம் அறிவிப்பர். இல்லையேல் அந்த ஆண்டு இல்லை. முத்தின் விலைக்காகக் காத்திருந்த கரை இது. ஓர் உயிருக்காக நாலு வாரம் காத்திருக்க முடியாதா?

வரும் பெருநாளுக்குப் பிள்ளைக்கு மீன் தொட்டி வாங்க எண்ணியிருப்பவர்கள் தொட்டியை இப்போதே வாங்கி நீரை நிரப்பி ஓடவிடுங்கள். பெருநாள் அன்று மீன் வரட்டும்.

நம் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட ஒவ்வோர் உயிரின் அமானிதத்தையும் பேணும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.